பட்டியலுக்கு முன்னால் கட்டிய பேனர்

அன்று காலை நான் கடற்பாசி சூப் வைத்தேன்.

அதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் அந்த வாரம் முழுக்கக் கடற்பாசியைக் கையால் தொட மாட்டோம். வழுவழுவென்று தொண்டையில் இறங்குகிற சாமான் அது. தின்றுவிட்டுப் போனால் பரீட்சையிலும் வழுக்கி விழுவான் என்று பேச்சு. என் மகள் நாரே படித்து முடிக்கும் வரை பரீட்சைக் காலத்தில் என் வீட்டில் அந்த வாசனையே வந்ததில்லை. அப்படிப்பட்டவள், என் வீட்டுக்காரருடைய கடைசிப் பரீட்சை நாளில், விடியுமுன் எழுந்து, மாட்டிறைச்சியை நல்லெண்ணெயில் வதக்கி, பாசியைப் போட்டு, கமகமவென்று சூப் வைத்தேன்.

மனுஷன் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

போன வாரம் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் யோம் கிதே. தரைப்படையில் மேஜர் ஜெனரல், தோளில் இரண்டு நட்சத்திரம். மூன்றாவது நட்சத்திரம் யார் யாருக்கு என்கிற பட்டியல் அன்று மதியம் வெளியாக இருந்தது. அதில் பெயர் வந்தால் லெப்டினன்ட் ஜெனரல். ஜனாதிபதியே கூப்பிட்டு வாளில் பட்டு நாடா கட்டுவார், நான் பக்கத்தில் பூங்கொத்தோடு நிற்கலாம். வராவிட்டால் அவ்வளவுதான். அந்தப் பதவிக்கு உண்டான வருஷம் முடிந்துவிட்டது. வருஷக் கடைசியில் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு, தலைமையகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்பதும் போன வாரமே சொன்னதுதான். நாரேயைக் கூட்டிக்கொண்டு தேஜான் நகரத்துக்குப் போய், பதினாலாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்குத் தெரியாமல்! சமையலறையில் வெயில் விழுகிறது, கீழே இறங்கினால் சந்தை, சுவரில் ஆணியடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அரசாங்கச் சுவருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவள். எனக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா?

தப்பில்லை. ஆனால் அவருக்கு நட்சத்திரம் வந்துவிட்டால் வடக்கே எங்கேயோ ஒரு கோர் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கப் போக வேண்டும், மறுபடி அரசாங்கச் சுவர். அதனால் நான் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்பதை அந்தச் சூப்பே சொல்லியிருக்கும். வாயால் சொல்லத்தான் எனக்குத் துணிச்சல் இல்லை.

"வரேன், நாரே அம்மா," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என் பெயர் ஓக்ஜு என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ!

அவருடைய கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, என் கைப்பேசி சிணுங்கியது. குடும்பக் குழுவில் என் ஓரகத்தி மால்சுன் அக்கா ஒரு படம் போட்டிருந்தாள்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பாம்கோல் என் வீட்டுக்காரருடைய சொந்த ஊர். அந்த ஊர் முகப்பில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே லாரி நீளத்துக்கு ஒரு பேனர். வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து. 'வாழ்த்துகள்! பாம்கோல் யோம் பியோங்சுவின் இளைய மகன் யோம் கிதே, லெப்டினன்ட் ஜெனரலாகப் பதவி உயர்வு! – ஊர் மக்கள்.'

"நாரே! எழுந்திருடி! உங்க பெரியப்பா குடியைக் கெடுத்துட்டாரு!"

எங்கள் நாட்டில் ஊர்ப்பிள்ளை ஒருத்தன் வக்கீல் பரீட்சை தேறினாலும், தோளில் நட்சத்திரம் வாங்கினாலும், முகப்பில் பேனர் கட்டாமல் விடமாட்டார்கள். அது சரிதான், கட்டட்டும். பட்டியல் வந்தபிறகு கட்ட வேண்டாமா? பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற கதை!

மால்சுன் அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே பெண்கள் சத்தம். அன்று அங்கே குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போட ஆரம்பிக்கிற நாள்; இரண்டு நாள் வேலை அது.

"என்னக்கா இது? யாரு சொன்னாங்க அவருக்குக் கிடைச்சிடுச்சுன்னு?"

"யாரும் சொல்லலடி தங்கச்சி. உங்க மூத்தாரு நாள் பாத்தாரு. நேத்தோட நல்ல நாள் முடியுதாம். இன்னிலேர்ந்து எட்டு நாளைக்கு ஏதாவது ஒரு திசைல பேய் நிக்குமாம். அதான் நேத்தே ஏத்திட்டாரு."

"வீடு மாத்தறதுக்குப் பாக்கற நாள் அது! துணிக்கு ஏதுக்கா பேய்?"

"அதை நீயே வந்து கேளு. நான் கேட்டதுக்கு, பொம்பளைக்கு என்ன தெரியும்னுட்டு ஏணியைத் தூக்கிட்டுப் போனாரு. உருப்படுமா?"

என் மூத்தார், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் கிபோம், அந்த ஊர்த் தலைவர். மிளகாய்த் தோட்டம், டிராக்டர், ஊர் ஒலிபெருக்கி மூன்றும் அவர் கையில். இந்த மூன்றில் ஒலிபெருக்கிதான் ரொம்ப ஆபத்து.

நாரே கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள். அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்; கிம்ச்சிக்காக இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். சாயங்காலம் கிளம்ப வேண்டிய பயணத்துக்குக் காலையிலேயே வண்டியை எடுத்தோம்.

மலைச் சுரங்கத்தைத் தாண்டினோம். நாரே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது."

"திட்டற மாதிரிதான் கேப்பே. கேளு."

"இப்ப நாம பறந்துட்டுப் போறது அப்பாவுக்கு நட்சத்திரம் கிடைக்கணும்னா, கிடைக்கக் கூடாதுன்னா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"சூப் வச்சவங்களே பேனரையும் அவுக்கப் போறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"உனக்கு என்னடி புரியும்? கிடைக்காமப் போறது வேற, பேர் கெட்டுப் போறது வேற. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டுட்டான்னு வை. பட்டியல் வர்றதுக்கு முன்னாடியே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு, உள்ள ஆள் பிடிச்சிருக்கான்னு பேசுவாங்க. உங்கப்பா ஒரு டம்ளர் டீக்குக்கூட யார்கிட்டயும் போய் நின்னதில்ல. தோத்தா கௌரவமாத் தோக்கணும்."

நாரே ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவரோடு நான் முதலில் குடியிருந்தது எல்லைக் கம்பிவேலிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. அப்போது அவர் லெப்டினன்ட். விடிந்து பார்த்தால் வாளித் தண்ணீர் கல்லாக இருக்கும், அதை உலக்கையால் இடித்துத்தான் சோறு வடிப்பேன். கேப்டனாக இருந்தபோது நாரே பிறந்தாள். அவர் பனிக்காலப் பயிற்சியில் எங்கோ மலைமேல் இருந்தார். மூன்றாவது வாரம் குழந்தையைப் பார்க்க ஓடி வந்தார், முகத்தில் பூசிய கறுப்பு மையைக்கூடக் கழுவாமல். குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டுக் கத்தியது. மனுஷன் பயந்துபோய் வாசலுக்கே ஓடிவிட்டார். ஒரு கம்பெனிச் சிப்பாய்களுக்கே தலைவர், கைப்பிடி அளவு குழந்தைக்குப் பயந்து பனியில் நின்றுகொண்டு, "இப்ப வரலாமா? இப்ப வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேஜர் ஆனார். அந்தக் காலத்தில் புருஷன் தோளில் ஏறுகிற பட்டை பெண்டாட்டி தோளிலும் ஏறும். ரெஜிமென்ட் கர்னல் வீட்டம்மா கிம்ச்சி போடுகிறாள் என்றால் எங்களைப் போன்ற சின்ன அதிகாரி வீட்டுப் பெண்கள் எல்லாம் விடியற்காலையிலேயே போய்க் கோஸ் கழுவ வேண்டும். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உப்புப் பார்ப்பாள். ஒரு நாள் கை விறைத்துப்போய் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இவர் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பட்டாலியன், டிவிஷன் என்று இவர் மேலே போனார். நானும் பெரிய வீட்டம்மா ஆனேன். என் வீட்டுக் கிம்ச்சிக்கு ஒரு பெண்ணையும் எட்டிப் பார்க்க விடவில்லை, அத்தனை கோஸையும் நானே கழுவினேன். அந்த விஷயத்தில் நான் ஜெனரலுக்கும் மேலே.

ஒவ்வொரு மாற்றலுக்கும் முந்தின நாள் அவர் உட்கார்ந்து என் செருப்பைப் பாலிஷ் போடுவார். தன்னுடையதைச் சிப்பாய்கள் போட்டுக் கொடுப்பார்கள், என்னுடையதற்கு அவரேதான். மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்டால்தான் என்னவாம்!

பாம்கோல் முகப்பில் வண்டி நின்றபோது என் மூத்தார் பேனருக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சொந்தக் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு இருந்திருக்காது.

"வாம்மா, வா! பாத்தியா? ரோட்டு மேல போற பஸ்ஸிலேர்ந்தே படிக்கலாம்!"

"அதான் மாமா பயமா இருக்கு. தயவுசெஞ்சு அவுத்துடுங்க. பட்டியல் மதியம்தான் வருது."

"வரட்டும். இதுவும் இருக்கட்டும்."

"பேரு வராட்டி?"

அவர் என்னை முறைத்தார். "என் தம்பி பேரு ஏன் வராது? அவனை விட்டா அந்தப் பட்டாளத்துல வேற யாரு இருக்கா?"

"நீங்க பட்டாளத்துல என்ன பண்ணீங்க, அவ்வளவு பேரையும் பாத்துட்டு வர்றதுக்கு?"

"நான் சமையல்கட்டுல கார்ப்பரல்! எனக்குத் தெரியாதா?"

நாரே சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"மாமா, யாராவது போட்டோ எடுத்தா அவருக்குத்தான் கெட்ட பேரு."

"ஏத்தினதை இறக்கினா அபசகுனம். எங்கப்பா பேரும் அதுல இருக்கு. மாட்டேன்."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. வண்டியில் கிம்ச்சி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் இருந்தது. எடுத்துக்கொண்டு, கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினேன். மூன்று படி ஏறியிருப்பேன், அவர் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் விழாமல் இருக்கப் பிடித்தாரா, ஏறாமல் இருக்கப் பிடித்தாரா தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இறங்கும்மா!"

"அவுக்க விடுங்க மாமா!"

"எங்கப்பா மேல ஆணை, இறங்கு!"

அப்போது ஊர்க் கூடத்து வாசலிலிருந்து மால்சுன் அக்காவின் குரல் வந்தது. அவளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "ஏய், ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க! அங்க கோஸ் வாடுது, இங்க ஆளில்ல! நியூஸ் வர்ற வரைக்கும் வந்து மசாலா தடவுங்க!"

என் மூத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. பேரு வரலேன்னா நானே என் கையால அவுக்கறேன். போதுமா?"

போதாதுதான். ஆனால் அவர் ஏணியை விடுகிற வழியாக இல்லை. நான் இறங்கினேன்.

ஊர்க் கூடத்தில் தரை முழுக்கப் பாய் விரித்து, உப்பில் ஊறிய கோஸ் மலைபோல் கிடந்தது. ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முழங்கை வரை சிவப்பு ரப்பர் உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மால்சுன் அக்கா எனக்கும் ஒரு ஜோடி உறையைத் தூக்கிப் போட்டாள். மிளகாய்ப்பொடியும் பூண்டும் மீன்சாறும் கலந்த மசாலாவை ஒவ்வொரு இலைக்கும் நடுவில் தடவிக்கொண்டே எல்லோரும் டிவியைப் பார்த்தோம்.

"மூணு நட்சத்திரம் வாங்கினா உன் வீட்டுக்காரர் எங்களை எல்லாம் அடையாளம் கண்டுக்குவாரா?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு நட்சத்திரத்துக்கே அவருக்கு என் பேரு மறந்துபோச்சு. மூணாவது வந்தா முகமும் மறந்துடும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

செய்தி வந்தது. பாதுகாப்பு அமைச்சக அறிவிப்பு என்று சொல்லிவிட்டு, பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையின் அடியில் ஓடின.

முதல் பெயர் வேறு யாரோ. இரண்டாவது, இவருக்குக் கீழே புது லெப்டினன்டாக வந்து சேர்ந்தவன். எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான்! மூன்றாவது, நான்காவது. பிறகு வானிலை அறிக்கை வந்துவிட்டது.

யோம் கிதே இல்லை.

மால்சுன் அக்கா எழுந்து சத்தத்தைக் குறைத்தாள். நாரே என் முகத்தையே பார்த்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. வீடு என்னுடையது. வெயில் விழுகிற சமையலறை என்னுடையது. ஆனால் எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, கையிலிருந்த கோஸை அப்படியே டிவியைப் பார்த்து வீசினேன்.

"யோவ்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அந்தச் செய்தி வாசிக்கிற பெண் என்ன செய்வாள், பாவம். "அவரு என்ன குறைஞ்சு போனாரு? பனில பசங்க சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாய் சோறு தின்னிருக்காரா? எவன் கால்லயாவது விழுந்திருக்காரா? கால்ல விழுந்தாத்தான் குடுப்பீங்களா? திரும்பப் பாருங்கய்யா அந்த லிஸ்ட்டை! ஒரு பேரு விட்டுப்போயிருக்கு, திரும்பப் பாருங்க!"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதவள் சும்மா அழுதிருக்கலாம். மிளகாய் உறையைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐயோ! அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. "தண்ணி கொண்டா, தண்ணி!" என்று ஆளாளுக்கு ஓடினார்கள். மால்சுன் அக்கா என் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் குனிய வைத்து, "நல்லா அழுடி, நல்லா அழு, அப்பத்தான் காரம் போகும்," என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். அவள் குரலும் சரியாக இல்லை.

கண் திறந்தபோது முதலில் ஜன்னல் தெரிந்தது. வெளியே என் மூத்தார் ஏணிமேல் நின்றார். சொன்ன சொல் தவறாமல், தன் கையாலேயே ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பேனரின் ஒரு முனை தரையில் கிடந்தது. தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அறுபது தாண்டிய மனுஷர்.

நான் ஓடினேன். மால்சுன் அக்கா எனக்கு முன்னால் ஓடினாள்.

"நில்லுங்க!" என்றாள். "எதுக்கு முழுசையும் அவுக்கறீங்க?"

"வாக்குக் குடுத்துட்டேன்ல?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொய்யாப் போச்சுல்ல?"

மால்சுன் அக்கா துணியை எட்டி இழுத்து, எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "நடுவுல இருக்கிறதுதானே பொய்? உங்கப்பாவோட சின்ன மகன்கிறது பொய்யா? கிதேங்கிற பேரு பொய்யா? இத்தனை வருஷம் பேருல ஒரு கறை இல்லாம வேலை பாத்துட்டு வர்றானே, அதுக்கு வாழ்த்து சொல்றதும் பொய்யா? தங்கச்சி, எங்கடி உன் கத்தரிக்கோலு?"

வெட்டினோம். 'லெப்டினன்ட் ஜெனரலாகப் பதவி உயர்வு' என்கிற பாகத்தை நான்தான் வெட்டினேன். வெட்டும்போது இரும்பையே வெட்டுகிற மாதிரி இருந்தது. மால்சுன் அக்கா மிளகாய் மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும் கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானுமாகத் தைத்தோம். எனக்குக் கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை, என் பக்கத்துத் தையல் பாம்பு போன மாதிரி போயிற்று. துணி குட்டையாகிவிட்டதால் கயிற்றை நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது. என் மூத்தார் மறுபடி ஏணி ஏறினார்.

'வாழ்த்துகள்! பாம்கோல் யோம் பியோங்சுவின் இளைய மகன் யோம் கிதே! – ஊர் மக்கள்.'

"இன்னிக்குப் பேய் எந்தத் திசைல நிக்குது மாமா?" என்று கேட்டேன்.

"எங்க வேணா நிக்கட்டும். உன் சத்தத்தைக் கேட்டிருந்தா இந்நேரம் அடுத்த மாவட்டத்துக்கு ஓடியிருக்கும்," என்றார்.

நாரே திரும்பத் திரும்ப அப்பாவைக் கூப்பிட்டாள். கைப்பேசி அணைந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் தனியாக இருட்டில் உட்கார்ந்திருப்பாரோ, சாப்பிட்டாரோ இல்லையோ, என்னைக் காணோமே என்று தேடுவாரோ? இன்றைக்குப் பார்த்தா இவரை விட்டுவிட்டு வந்தேன்? என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில், எங்கள் பழைய சாம்பல் நிறக் கார் ஊர் முகப்பில் தயங்கித் தயங்கி வந்து நின்றது. பக்கக் கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் இறங்கினார். சீருடை இல்லை. பழைய ஸ்வெட்டர், அதுவும் நான் தூக்கிப் போடச் சொன்னது. பல வருஷமாக டிரைவர் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்தே போனவர் தானே ஓட்டி வந்திருக்கிறார்.

"கண்ணாடிக்கு என்னாச்சு?" என்றேன். இத்தனை நேரம் தவித்துவிட்டு, வாயில் வந்தது அதுதான்.

"சுங்கச்சாவடி கொஞ்சம் குறுகலா இருந்தது."

"லாரியெல்லாம் போற சுங்கச்சாவடியா?"

அவர் பேனரை அண்ணாந்து பார்த்தார். முழுக்கப் படித்தார். தையலைப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் கிடந்த துண்டுத் துணியையும் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

"தையல் கோணலா இருக்கு," என்றார்.

"உன் பொண்டாட்டி தைச்சது," என்றார் அண்ணன்.

"அதானே பாத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! நான் கிட்டே போனேன்.

"உங்க பேரு வரலை," என்றேன். அவருக்குத் தெரியாத மாதிரி.

"நேத்து சாயந்தரமே தெரியும். கிடைக்கிறவனுக்கு முந்தின நாளே போன் வரும். எனக்கு வரலை."

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீ கடற்பாசியை ஊறப்போட்டுட்டு அது பக்கத்துலயே திருட்டு முழி முழிச்சிட்டு நின்னே. சரி, இவளும் ஓய்ஞ்சுட்டா, போதும்னு நினைக்கறான்னு புரிஞ்சுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது, நாரே அம்மா."

நான் அவர் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று ஊர் பார்க்கட்டும், எனக்கென்ன!

அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும், தேஜான் வீட்டைப் பற்றி. நாரே என் முதுகில் விரலால் குத்தினாள். வாயெடுக்கப் போனேன். அதற்குள் அவர் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணே, அப்பா இருந்த பின்கட்டு வீடு காலியாத்தானே இருக்கு?"

"காலிதான். ஏன்?"

"கூரையை மாத்திக் குடுத்தா நாங்க வந்து இருந்துக்கறோம். அடுத்த மாசம் குடியிருப்பைக் காலி பண்ணணும். வேற எங்க போறது? உங்க பக்கத்துலயே இருந்து மிளகாய் நடறேன். நீங்க கத்துக் குடுங்க."

என் மூத்தார் இரண்டு கையாலும் தம்பி முகத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடுவிடுவென்று ஊர்க் கூடத்துக்குள் ஓடினார். எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் கம்பத்து உச்சியில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆங்... பாம்கோல் மக்களுக்கு ஊர்த் தலைவர் அறிவிப்பு! என் தம்பி கிதே, ஜெனரல் கிதே, பொண்டாட்டியோட நம்ம ஊருக்கே குடிவர்றான்! அடுத்த மாசம்! ஆங்... எல்லாரும் வந்து கூரை வேலைக்கு ஒரு கை குடுக்கணும்!"

மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். ஊர்க் கூடத்துப் பெண்கள் உறைபோட்ட கையாலேயே தட்டினார்கள். மால்சுன் அக்கா மட்டும் தட்டவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

பின்கட்டு வீடு எனக்குத் தெரியும். மாமனார் காலத்துக்குப் பிறகு அங்கே எலிதான் குடித்தனம். கழிப்பறைக்கு முற்றம் தாண்டிப் போக வேண்டும். சமையலறையில் வெயில் எந்த ஜென்மத்திலும் விழுந்ததில்லை.

நாரே என் காதருகில் வந்தாள். "அம்மா, தேஜான் வீட்டுப் புரோக்கர் மெசேஜ் போட்டிருக்கான். நாளைக்குக் கையெழுத்துப் போட வர்றீங்களான்னு கேக்கறான்."

"சும்மா இருடி."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவர் எங்கள் கிசுகிசுப்பைக் கவனித்துவிட்டார். அண்ணன் போன திசையைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்தவர் போல நெற்றியைத் தேய்த்தார்.

"ஓக்ஜு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்பாட்டுக்குச் சொல்லிட்டேன். எப்பவும் போல. உனக்குச் சம்மதமா? இல்லேன்னா இல்லைன்னு சொல்லு. இது உத்தரவு இல்லை."

எத்தனை மாற்றல், எத்தனை லாரி! ஒவ்வொரு தடவையும் அவர் வந்து சொன்னது "போகணும்" என்கிற ஒரே வார்த்தைதான். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வந்ததும் அப்படித்தான். நானும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கட்டினேன். சம்மதமா என்று ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை. அதைக் கேட்கிற நாளில் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு லாரியிலும் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. மாட்டேன் என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும். சரி என்றால் என் வீடு போய்விடும்.

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கேக்கத் தோணிச்சா?" என்றேன்.

"ஆமா."

"அப்ப பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்க. நானும் உங்களுக்காகக் காத்திருந்தவதான்."

"சரி," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார் மனுஷன். அவ்வளவு குளிரில், உள்ளே வரச் சொல்லி அண்ணன் ஒலிபெருக்கியிலேயே கூப்பிட்டும், ஓர் அடி நகரவில்லை.